பொடக்காளியில் ஒரு கறிகாய்க் கடை!

சித்திரை வெயிலில் காய் விலை ஏறினால் வீட்டுச் செலவு என்ன ஆகும்? கொங்கு நாட்டுப் பெண்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள்.

மேற்கு மலைத் தொடர் மறைப்பதால், கோவைக்குத் தென்மேற்குப் பருவமழை குறைவு. ஐப்பசி மழைதான் கை கொடுக்கும். அந்த ஈரத்தில் ‘பொடக்காளி’ என்னும் புழக்கடையில் அவரை, கத்தரி, மணத்தக்காளி காய்க்கும். அரிசி கழுவிய நீரும் செடிக்கே போகும்.

விதைக்கும் குறைவில்லை. 1906-ல் கோவையில் வேளாண்மைக் கல்லூரி அமைந்தது. 1971-ல் அது பல்கலைக் கழகம் ஆயிற்று. ‘கோ’ என்ற எழுத்தோடு வரும் விதை ரகங்கள் கோவையில் உருவானவை.

தையில் காய் மிஞ்சும். மாசி வெயிலில் வற்றல் போடலாம்.

எப்படிப் போடுவது?

மணத்தக்காளிக் காயை உப்பு மோரில் ஊற வையுங்கள். பகலில் வெயிலில் உலர்த்துங்கள். இரவில் அதே மோரில் போடுங்கள். மோர் தீரும்வரை இப்படிச் செய்யுங்கள். பிறகு நன்றாகக் காய வைத்து, ஜாடியில் மூடி வையுங்கள்.

உப்பும் வெயிலும் காயிலுள்ள நீரை எடுத்துவிடும். நீர் இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்காது. ஈரக்கை பட்டால் ஜாடி முழுவதும் பாழ்!

சித்திரையில் செடி காய்ந்துவிடும். கவலை இல்லை. வற்றலை எண்ணெயில் வறுத்துக் குழம்பு வைக்கலாம். காய்க்கடைக்குப் போக வேண்டிய காசு வீட்டிலேயே இருக்கும்.