மூலத்தைத் தொடாத விரிவாக்கம்

இணையதளத்தில் எழுத்தையும் படத்தையும் சேர்த்துத் திருத்தி வெளியிட உதவும் மென்பொருளை உள்ளடக்க மேலாண்மை அமைப்பு என்பர். 2003ஆம் ஆண்டு மே மாதம் வெளிவந்த வேர்ட்பிரஸ் இவ்வகையில் புகழ்பெற்றது. அதன் மூல நிரலை எவரும் திருத்தலாம். உரிமம் அதற்கு இடமளிக்கிறது. ஆயினும், அத்திருத்தம் அடுத்த பதிப்பை நிறுவும்போது அழிந்துபோகும்.

இக்குறையை நீக்க வல்லது 2004இல் அறிமுகமான செருகுநிரல் முறை. மூல நிரலில் ஆங்காங்கே கொக்கிகள் அமைந்துள்ளன. அவை இருவகைப்படும். குறித்த கட்டத்தில் ஒரு செயலை நிகழ்த்த இடந்தருவது செயற்கொக்கி. செல்லும் செய்தியை இடையில் பெற்று மாற்றித் தருவது வடிகட்டி. தனிக்கோப்பில் எழுதிய நிரலை இவற்றில் மாட்டினால், மூல நிரல் புதுப்பிக்கப்பட்டாலும் நம் ஆக்கம் அழியாது.

2018 டிசம்பரில் வந்த 5.0ஆம் பதிப்பு, பத்தி, படம், பட்டியல் ஒவ்வொன்றையும் தனித்தனித் தொகுதியாக்கியது. புதிய தொகுதிகளைச் செருகுநிரல் வழியே நாமும் படைக்கலாம். நிலைத்தொகுதி தன் உள்ளடக்கத்தைப் பக்கத்தோடு சேர்த்தே சேமிக்கும். இயங்குதொகுதி பக்கம் திறக்கப்படும்போது அதனை ஆக்கித் தரும். செருகுநிரலை நீக்கினால் முன்னதன் எழுத்து எஞ்சும். பின்னதன் தோற்றம் மறையும்.

ஆதலின், நிகழ்ச்சி நிரல் போல் மாறுவனவற்றை இயங்குதொகுதியிலும், கவிதை, கட்டுரை போல் நிலைக்க வேண்டுவனவற்றை நிலைத்தொகுதியிலும் அமைத்தலே அறிவுடைமை. கருவி கைவிடப்படினும் எழுத்து எஞ்ச வேண்டுமன்றோ?