மூளைக் காயமும் நெடுநாள் மறுவாழ்வும்

போரிலே கையையோ காலையோ இழந்த வீரரின் குறை எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. ஊரார் அவருக்கு வழிவிடுகின்றனர். அரசாங்கம் செயற்கைக் கால் அளிக்கிறது. மூளையில் காயமுற்றவரின் நிலை வேறு. தலைப்புண் ஆறித் தழும்பாகிவிடுகிறது. அவர் நடக்கிறார், உண்கிறார், பேசுகிறார். ஆயினும் சொன்னதை மறந்துவிடுகிறார். தொடங்கிய வேலையை முடிப்பதில்லை. சிறு ஓசைக்கும் சினங்கொள்கிறார். இவர் சோம்பேறி என்றும், குணங்கெட்டவர் என்றும் சுற்றத்தார் முடிவு செய்துவிடுகின்றனர். உண்மையில், மருத்துவமனையை விட்டு வந்த பிறகே அவருடைய மறுவாழ்வின் பெரும்பகுதி தொடங்குகிறது. அது ஆண்டுக் கணக்கில் நீடிப்பதாகும்.

இதனை மருத்துவ உலகம் நன்கு உணர்ந்தது இரண்டு உலகப் போர்களின் விளைவாகவே. முதற் போரின்போது ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகரில் குர்ட் கோல்ட்ஸ்டைன் என்ற நரம்பியல் மருத்துவர் மூளைக் காயமுற்ற வீரர்களுக்கென ஒரு நிலையத்தை நடத்தினார். சிகிச்சையோடு கல்வியும் தொழிற்பயிற்சியும் அங்கே இணைந்திருந்தன. இரண்டாம் போரின்போது ஸ்காட்லாந்தில் ஆலிவர் ஸாங்வில்லும், சோவியத் யூனியனில் அலெக்ஸாண்டர் லூரியாவும் இத்துறையை மேலும் வளர்த்தனர். லூரியா பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஒரு வீரரின் வரலாறு, மறுவாழ்வு என்பதன் பொருளைத் தெளிவாக விளக்குகிறது.

சிதறிய உலகம்

லெவ் ஸாஸெட்ஸ்கி என்பவர் தொழில்நுட்பக் கல்லூரி மாணவராயிருந்து படையிற் சேர்ந்த இளம் அதிகாரி. 1943-ஆம் ஆண்டு மார்ச் 2-ஆம் தேதி, மேற்குப் போர்முனையில் ஒரு குண்டு அவருடைய மண்டையோட்டைத் துளைத்து மூளையின் இடப்புறப் பின்பகுதியைச் சிதைத்தது. அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 23.

கண், செவி, உடல் ஆகியவற்றின் வழியே வரும் செய்திகளை ஒன்றுசேர்த்து முழுமையாக்குவது அப்பகுதியின் பணி. அது சிதைந்ததால், எதை நோக்கினும் அதன் வலப்பாதி அவருக்குப் புலப்படவில்லை. தம் தலை மேசையளவு பெருத்துவிட்டதாகவும், வலக்கால் காணாமற் போய்விட்டதாகவும் சில வேளைகளில் உணர்ந்தார். எழுத்துக்களை அடியோடு மறந்தார். யானை பெரிது, ஈ சிறிது என்பதை அறிவார். ஆனால் ‘ஈயைவிட யானை பெரிது’ என்றால் எது பெரியது என்று அவரால் துணிந்து கூற இயலவில்லை. தாயின் மகள், மகளின் தாய் ஆகிய இரு தொடர்களின் வேறுபாடும் அவருக்கு விளங்கவில்லை.

எனினும், திட்டமிடுதலுக்கும் விடாமுயற்சிக்கும் உரிய மூளையின் முன்பகுதி ஊறுபடாமல் இருந்தது. ஆகவே தாம் இழந்தது என்ன என்பதை அவர் முற்றும் அறிந்திருந்தார். அவருடைய துயரத்துக்கும் முன்னேற்றத்துக்கும் அதுவே காரணமாயிற்று.

மாற்றுப் பாதை

அழிந்த மூளை உயிரணுக்கள் தோல்போல் மீண்டும் வளர்ந்து அவ்விடத்தை நிரப்புவதில்லை. ஆனால் ஒரு செயலை நிறைவேற்றப் பல பகுதிகள் கூடி உழைக்கின்றன. ஒரு பாதை அடைபடின், எஞ்சிய பகுதிகளைக் கொண்டு வேறொரு பாதையை அமைக்கலாம் என்பது லூரியாவின் கொள்கை.

ஸாஸெட்ஸ்கியின் எழுத்துப் பயிற்சி இதற்குச் சான்று. எழுத்தெழுத்தாக நினைவுகூர்ந்து எழுதும்படி கேட்டபோதெல்லாம் அவர் தோல்வியுற்றார். ஒரு நாள், எழுத்தைப் பற்றி எண்ணாமலும் கையை எடுக்காமலும் ஒரு சொல்லை விரைந்து எழுதுமாறு அவரிடம் கூறினர். ‘இரத்தம்’ என்ற பொருளுடைய ருஷ்யச் சொல்லை அவர் எழுதிவிட்டார்! இளமை முதல் பழகிய கையசைவு மூளையின் வேறோரிடத்தில் நிலைத்திருந்தது. எழுதியதைப் படிக்கத்தான் அவரால் இயலவில்லை. படிப்பதற்காக ஒவ்வோர் எழுத்தையும் தமக்கு நன்கு பழகிய பெயர்களோடு இணைத்து மறுபடியும் கற்றார்.

பின்னர் அவர் தம் வரலாற்றை எழுதத் தொடங்கினார். ஒரு சொல்லைத் தேடிப் பிடித்து வாக்கியத்தில் வைப்பதற்குள் வாக்கியமே மறந்துபோகும். நாள் முழுவதும் உழைத்தும் சில வேளைகளில் அரைப்பக்கமே முடிந்தது. அவ்வாறு 25 ஆண்டுகளில் ஏறத்தாழ 3,000 பக்கங்கள் எழுதினார். அவற்றை அடிப்படையாகக் கொண்டு லூரியா எழுதிய நூல் 1971-இல் ருஷ்ய மொழியில் வெளியாயிற்று.

பணியாளரும் ஆசிரியரும் அறியவேண்டியவை

இக்காலப் போர்களில் குண்டுவெடிப்பின் அதிர்ச்சியலையால், மேலே காயமின்றியும் மூளை ஊறுபடுவதுண்டு. எனவே தழும்பு இல்லை என்பதால் காயமும் இல்லை என்று கொள்ளலாகாது. விளைவுகள் காலந்தாழ்த்தித் தோன்றவும் கூடும். வியத்நாம் போரில் மூளையைத் துளைத்த காயமுற்ற அமெரிக்க வீரர்களை நெடுங்காலம் ஆராய்ந்ததில், ஏறத்தாழப் பாதிப்பேருக்கு வலிப்பு நோய் கண்டது; சிலருக்கு அது பல ஆண்டுகள் கழித்தே தோன்றியது. வலிப்பு மருந்தை மருத்துவரைக் கேளாமல் நிறுத்தலாகாது. மதுவை அறவே விலக்கவேண்டும்.

மற்றவை எளிய முறைகளே. ஒரு வேளையில் ஒரு செய்தியை மட்டும், சிறு வாக்கியத்தில் கூறுக. அன்றாட வேலைகள் ஒரே ஒழுங்கில் நடைபெறட்டும். நாட்குறிப்பும் சுவர்க் கடிகாரமும் மறதிக்கு ஊன்றுகோலாகும். களைப்பு விரைவில் வரும், அது சோம்பலன்று, இடையிடையே ஓய்வு தருக. அவர் சொல்லைத் தேடித் தயங்கும்போது முந்திக்கொண்டு நாமே முடித்துவிடலாகாது. நோயின் இயல்பை வீட்டாருக்கு எடுத்துரைத்து, அவர்களுடைய சோர்வையும் கவனிக்க வேண்டும்.

ஸாஸெட்ஸ்கி முழுவதும் குணமடையவில்லை. தம் ஊர்த் தெருவிலேயே அவர் வழி தவறியதுண்டு. எனினும் தம் குறிப்புக்களுக்கு அவர் இட்ட தலைப்பு ‘தொடர்ந்து போராடுவேன்’ என்பது. அத்தகையவர் ஒருவர் நம் கிராமத்திலும் இருக்கக்கூடும். அவருடைய தயக்கத்தைக் குற்றமாகக் கொள்ளாமல், அவர் ஒரு வாக்கியத்தை முடிக்கும்வரை காத்திருப்பது நம்மால் இயன்ற முதல் உதவியாகும்.