நரசிம்மர் வரும் நேரம்

சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் பெருமாள் கோயில் எங்கே என்று கேட்டால், தேக்கா வட்டாரத்தில் யாரும் வழி சொல்லிவிடுவார்கள். தைப்பூசத்தன்று முருகனுக்குக் காவடி எடுப்பவர்கள் புறப்படுவதே இந்தத் திருமால் சன்னிதியிலிருந்துதான். இன்று இது ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயில். 1855இல் எழுந்தபோது இதன் பெயர் நரசிம்மப் பெருமாள் கோயில். 1960களில் நடந்த திருப்பணியின்போதுதான் மூலவர் மாறினார், பெயரும் மாறியது.

அன்றைய தீவை நினைத்துப் பார்க்க வேண்டும். இந்த வட்டாரத்தைத் தமிழர்கள் சுண்ணாம்புக் கம்பம் என்றார்கள். சுண்ணாம்புச் சூளைகள் எரிந்துகொண்டிருந்த இடம். உள்ளே தள்ளிப் போனால் காம்பியர், மிளகுத் தோட்டங்கள். அங்கே வேலை செய்தவர்களைப் புலி அடித்தது. தீவின் கடைசிக் காட்டுப் புலி சுடப்பட்டது 1930இல்தான். சிங்கம் மட்டும் இங்கே ஒருநாளும் வாழ்ந்ததில்லை. அது ஊர்ப் பெயரிலும், சிங்கமுக நரசிம்மராக இந்தக் கருவறையிலும்தான் இருந்தது.

நரசிம்மர் கதையில் என்னை எப்போதும் நிறுத்திவைப்பது அவருடைய நகமோ பிடரியோ அல்ல, அவர் வந்த நேரம். பகலிலும் சாகக் கூடாது, இரவிலும் சாகக் கூடாது என்று அசுரன் இரணியன் வரம் வாங்கியிருந்தான். அவனைக் கொல்லப் பெருமாள் தேர்ந்தெடுத்தது அந்திப் பொழுதை. நரசிம்ம ஜெயந்தி பூசை மாலையில் நடப்பதும் அதனால்தான்.

அந்தி எப்படி உண்டாகிறது? சூரியன் அடிவானத்துக்குக் கீழே இறங்கிய பிறகும் நமக்கு மேலே உயரத்தில் இருக்கும் காற்றில் அதன் வெயில் பட்டுக்கொண்டிருக்கிறது. அந்தக் காற்று ஒளியைச் சிதறடித்துக் கீழே அனுப்புகிறது. சூரியன் 6 பாகை இறங்கும்வரை விளக்கில்லாமல் வெளிவேலை பார்க்கலாம். 18 பாகை இறங்கினால்தான் முழு இருட்டு.

இந்த அந்தி எல்லா ஊரிலும் ஒரே அளவல்ல. சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 1.3 பாகையில் இருக்கிறது. இங்கே சூரியன் கிணற்றில் விட்ட வாளிபோல ஏறக்குறைய நேராக இறங்குகிறது. முதல் 6 பாகையைக் கடக்க இருபது நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகும், அவ்வளவே. லண்டனில் சூரியன் சாய்வாக, அடிவானத்தை ஒட்டியே நகர்வதால் ஜூன் மாதத்தில் அதே 6 பாகைக்கு முக்கால் மணி நேரம் பிடிக்கிறது. அங்கே நடுக்கோடை இரவுகளில் முழு இருட்டே வருவதில்லை. பகலுமில்லாத, இரவுமில்லாத பொழுது அங்கே விடியும்வரை நீள்கிறது!

சிங்கப்பூர் அந்திக்கு இன்னொரு குணம் உண்டு: நேரம் தவறாது. சென்னையில் சூரியன் மறையும் நேரம் ஆண்டுக்குள் சுமார் ஒரு மணி நேரம் முன்பின்னாகிறது. லண்டனில் ஐந்து மணி நேரத்துக்கும் மேல். இங்கே ஏறத்தாழ அரை மணிதான்: நவம்பரில் 6.45ஐ ஒட்டி, பிப்ரவரியில் 7.20 வாக்கில். பகலின் நீளம் ஆண்டு முழுக்கப் பத்து நிமிடம்கூட மாறாத ஊரில் அந்த அரை மணியும் எங்கிருந்து வருகிறது? பூமி நீள்வட்டப் பாதையில் ஒருசமயம் வேகமாகவும் ஒருசமயம் மெதுவாகவும் ஓடுகிறது. அதன் அச்சும் சாய்ந்திருக்கிறது. அதனால் சூரியன் கடிகாரத்தைச் சில நாள்களில் முந்துகிறது, சில நாள்களில் அதற்குப் பிந்துகிறது.

கோயிலின் சுமார் 20 மீட்டர் உயர ராஜகோபுரம் 1979இல் வணிகர் கோவிந்தசாமிப் பிள்ளையின் கொடையில் எழுந்தது. அதில் திருமாலின் அவதாரங்கள் சுதையில் நிற்கின்றன. அவற்றை அந்தி வெளிச்சத்தில் பார்க்க விரும்புகிறவர்கள் ஏழு மணிக்குள் ஃபேரர் பார்க் ரயில் நிலையத்தில் இறங்கிவிடுங்கள். தாமதித்தால் தெருவிளக்கில்தான் பார்க்க வேண்டியிருக்கும்.