கையேட்டின் குறிகளும் கணிப்பொறிக் கட்டளைகளும்

ஒரு காலத்தில் பன்றிப் பண்ணைகளுக்கும் கோழிப் பண்ணைகளுக்கும் மீனவர் குடியிருப்புகளுக்கும் பெயர் பெற்றிருந்த பொங்கோலில், 2024ஆம் ஆண்டு முதல் சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகத்தின் புதிய வளாகம் இயங்கி வருகிறது. சுற்றிலும் மின்னிலக்க வட்டாரம் எழுந்துள்ளது. கணிப்பொறிக்கு நிரல் எழுத இளைஞர் பலர் அங்கே கற்கின்றனர். அந்நிரலை இயக்கும் விதத்தைப் பிறருக்கு எழுதிக் காட்டுவது தனிக் கலையாகும். நன்றாக நிரல் எழுதுவோரும் அதில் சறுக்குவதுண்டு.

தேக்கா மளிகைக் கடையில் ‘அரிசி ஐந்து கிலோ’ என்றாலும் ‘ஐந்து கிலோ அரிசி’ என்றாலும் அதே மூட்டைதான் வரும். கணிப்பொறிக்கு இந்த ஊகம் கிடையாது. கட்டளையைத் தட்டச்சு செய்து இயக்கும் மென்பொருளில், எதை இட்டே தீர வேண்டும், எதை விடலாம், எதைப் பலமுறை இடலாம் என்பவை முன்னரே வரையறுக்கப்பட்டிருக்கும். அவ்வரையறையைச் சுருங்கக் காட்டவே கையேடுகளில் சில குறிகள் வழங்குகின்றன. சதுர அடைப்புக்குள் இருப்பதை இடலாம், விடலாம். முப்புள்ளியானது தனக்கு முன்னுள்ளது மீண்டும் மீண்டும் வரலாம் எனக் காட்டும். நெடுக்குக் கோடு ‘இது அல்லது அது’ என்பதாகும். இக்குறிகளை வாசகர் தட்டச்சு செய்யலாகாது. 1971 நவம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் தயாரான யூனிக்ஸ் கையேட்டின் முதற்பதிப்பிலேயே சதுர அடைப்பையும் முப்புள்ளியையும் காணலாம்.

இனி நம் நாட்டு உதாரணம் ஒன்றைப் பார்ப்போம். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் மென்பொருட் பொறியியல் பயிலும் மாணவர்க்குப் பயிற்சிக்கென ‘அட்ரஸ்புக் லெவல் 3’ என்னும் முகவரிப் புத்தக மென்பொருள் அளிக்கப்படுகிறது. மாணவர் குழுக்கள் அதை அடித்தளமாகக் கொண்டு தத்தம் மென்பொருளை வளர்க்கின்றன. கையேட்டையும் அவர்களே திருத்தி எழுதுகின்றனர். மூலக் கையேட்டில் குறிகளின் விளக்கம் கட்டளைகளுக்கு முன்னதாகவே தரப்பட்டிருப்பது பாராட்டுக்குரியது. ஓர் ஆளைச் சேர்க்கும் கட்டளையைத் தமிழாக்கினால் இவ்வாறு அமையும்:

சேர் பெ/பெயர் தொ/தொலைபேசி_எண் மி/மின்னஞ்சல் மு/முகவரி [கு/குறிச்சொல்]…

‘நண்பர்’, ‘உறவினர்’ போன்ற குறிச்சொல் ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம், பலவும் இருக்கலாம். நன்று. ஆனால், தேடும் கட்டளை அதே கையேட்டில் ‘தேடு சொல் [மேலும்_சொற்கள்]’ என்றுள்ளது. இங்கே முப்புள்ளி இல்லை. பன்மை விகுதி அதன் வேலையைச் செய்கிறது. கட்டளையைத் தவறாக இட்டால் திரையில் தோன்றும் உதவிச் செய்தியிலோ, அதே தேடும் கட்டளை முப்புள்ளியோடு நிற்கிறது! இரண்டில் எதைக் கொள்வது?

இதை அற்ப விஷயமெனத் தள்ளலாகாது. ஒரே தடவையில் பலரை நீக்குமாறு ஒரு குழு நீக்கும் கட்டளையை விரிவாக்குவதாகக் கொள்வோம். ‘நீக்கு எண்…’ என்று ஒருவர் எழுதுவார். ‘நீக்கு எண் [எண்]…’ என்பார் இன்னொருவர். தேடும் கட்டளையைப் பார்த்து ‘நீக்கு எண் [மேலும்_எண்கள்]’ என மூன்றாமவர் எழுதுவார். மூலக் கையேட்டின் விளக்கப்படி, முப்புள்ளி பெற்றது பூஜ்யம் தடவையும் வரலாம். ஆகவே முதல் வடிவம், எண்ணே இல்லாமல் ‘நீக்கு’ என்று மட்டும் இடலாம் எனப் பொருள்படும். யூனிக்ஸ் வழிவந்த போசிக்ஸ் தரத்திலோ முப்புள்ளிக்கு ‘ஒன்றோ, ஒன்றுக்கு மேலோ’ என்பதே பொருள். பூஜ்யத்திற்கும் இடம் தர வேண்டுமானால் சதுர அடைப்பும் சேர வேண்டும். அங்கே பழகியவர் ஒருவிதமாகவும் இங்கே பழகியவர் வேறுவிதமாகவும் படிப்பர். எண்ணின்றி இட்டால் பிழைச் செய்தி வருமா, பட்டியல் முழுதும் அழியுமா என்று வாசகர் அஞ்சுவது நியாயமே.

குறிகளால் சொல்ல இயலாதனவும் உண்டு. திருத்தும் கட்டளையில் பெயர், எண், முகவரி யாவும் சதுர அடைப்புக்குள் உள்ளன; ஆயினும் அவற்றுள் ஒன்றையேனும் தந்தாக வேண்டும். மூலக் கையேட்டார் இதைச் சாதாரண வாக்கியமாக எழுதிவிட்டனர். அதுவே சரியான வழி. இதற்கெனப் புதுக்குறி புனைபவர் வாசகரின் சுமையைக் கூட்டுகிறார்.

இத்தொல்லை பழையது. 1960ஆம் ஆண்டின் அல்கால் 60 அறிக்கை, ஜான் பாக்கஸ் வகுத்த குறியீட்டு முறையால் ஒரு நிரல்மொழியின் இலக்கணம் முழுவதையும் வரைந்து காட்டியது. (பாணினியின் பெயரையும் அம்முறைக்குச் சூட்ட வேண்டுமென 1967இல் இங்கர்மன் என்பார் எழுதினார்.) பின்னர் ஆளுக்கொரு மாற்றம் செய்யவே, தேவையற்ற இவ்வேறுபாடுகள் எதற்கென்று 1977இல் நிக்லாஸ் விர்த் கேட்டு, தாமே ஒரு முறையை முன்வைத்தார். 1996இல் அனைத்துலகத் தரமும் ஒன்று வந்தது. ஆயினும் எல்லாரும் அதைத் தழுவவில்லை.

தமிழில் கையேடு எழுதுவோர்க்குத் தனிச் சிக்கல் ஒன்றுண்டு. மூலக் கையேட்டில், பயனர் மாற்றி இட வேண்டிய சொற்கள் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் உள்ளன. தமிழிலும் சீனத்திலும் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதமே இல்லை. மேலே காட்டிய தமிழ் வரியில் ‘சேர்’ என்பதை அப்படியே இட வேண்டும், ‘முகவரி’ என்பதை மாற்ற வேண்டும். கண்ணுக்கு வேறுபாடு தெரிகிறதா? தொலைபேசி எண்ணுக்குப் பதில் எழுத்துகளை இட்டால் மென்பொருள் மறுத்துவிடும். முகவரியில் எதை இட்டாலும் ஏற்கும். கண்ணனின் முகவரி ‘முகவரி’ என்றே பதிவாகிவிடும். இதற்கு, போசிக்ஸ் தரம் இடந்தரும் கோண அடைப்பைக் கையாளலாம்:

சேர் பெ/<பெயர்> மு/<முகவரி> [கு/<குறிச்சொல்>]…

அதன்கீழ், இடம் நிரப்பிய மாதிரி ஒன்றும் வேண்டும்: ‘சேர் பெ/கண்ணன் மு/சிராங்கூன் சாலை கு/நண்பர்’. அடைப்பையும் சேர்த்துத் தட்டச்சு செய்வோர் இதைக் கண்டு திருந்துவர்.

முறையைத் தீர்மானித்தபின், கையேட்டின் கட்டளை வரிகள், தொகுப்பு அட்டவணை, திரையின் உதவிச் செய்தி ஆகிய மூன்றையும் அருகருகே வைத்து ஒப்புநோக்க வேண்டும். கட்டளையை எழுதியவரைவிட, முன்பின் காணாத ஒருவரிடம் இவ்வேலையைத் தருதல் நலம். பிடிஎஃப் கோப்பிலிருந்து நீண்ட கட்டளையை நகலெடுக்கையில், வரி மடியுமிடத்தில் இடைவெளி மறைந்து இரு சொற்கள் ஒட்டிக்கொள்ளலாம் என்றும் மூலக் கையேடு எச்சரிக்கிறது. நீண்ட கட்டளைகளை அந்தப் பிரதியிலும் ஒருமுறை நகலெடுத்து இயக்கிப் பார்த்தல் வேண்டும்.