கலைஞருக்கும் கேட்போருக்கும் நடுவில் யார்?

பொல்பிட்டிய தொடங்கி ஹட்டன், நுவரெலியா வரை எமது தோட்டங்களில் பாட்டுக் கட்டுவோரும், தப்பு அடிப்போரும், கூத்தாடுவோரும், படம் வரைவோரும் இன்றும் இருக்கிறார்கள். இளைஞர் பலர் தம் ஆக்கங்களை முகநூலிலும் யூடியூபிலும் இடுகின்றனர். அதில் தவறில்லை. கடல் கடந்து வேலைக்குப் போன பிள்ளையும் அங்கிருந்தே அதைப் பார்க்க முடிகிறது. ஆனால் அது ஒன்றையே நம்பலாமா என்பதை நாம் சிந்திக்க வேண்டும்.

ஒரு பாட்டை யாருக்குக் காட்டுவது, யாருக்கு மறைப்பது என்பதை அங்கே தீர்மானிப்பவர் கலைஞர் அல்லர், நிறுவனமே. கேட்டவர்களின் முகவரியும் கலைஞரின் கையில் இல்லை. மேலும், நம் நாட்டில் 2018 மார்ச்சிலும், 2019 ஏப்ரலிலும், 2022 ஏப்ரலிலும் அரசாங்கம் சமூக ஊடகங்களை முடக்கியது. 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. கைபேசி அணைந்தால் மேடையும் அணைந்துவிடும் என்பதை அந்த நாட்கள் காட்டின.

முன்னோர் கண்ட வழி

எமது மக்களுக்கு இது புதிய சிக்கல் அல்ல. வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் அனுமதியின்றி வெளியார் தோட்டத்துக்குள் நுழைய முடியாது, நுழைந்தால் வழக்கு. 1931 இல் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் அமைத்த கோ. நடேசய்யர், புடவை வியாபாரி போலத் தோட்டங்களுக்குள் சென்றார் என்பது மலையகம் நன்கறிந்த செய்தி. அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மாள் தொழிலாளரின் துயரைப் பாட்டாகக் கட்டி, கூட்டங்களில் பாடினார். அப்பாடல்கள் 1940 இல் சிறு நூல்களாக வெளிவந்தன.

அக்காலத்தில் வேறு பாடகரும் சந்தையிலும் புகையிரதத்திலும் பாடி, பாட்டுப் புத்தகங்களைச் சில சதங்களுக்கு விற்றனர். மக்களுக்குத் தெரிந்த மெட்டில் பாட்டு அமைந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் ஒருமுறை கேட்டால் மனதில் வைத்துக்கொள்ளலாம். லயத்தில் படிக்கத் தெரிந்த ஒருவர் வாசித்தால் போதும். பாட்டு கொழுந்து மலைக்கும் போய்விடும்.

காமன் கூத்து தரும் பாடம்

மாசி மாதத்தில் நடக்கும் காமன் கூத்தைப் பாருங்கள். ஆடுவோரும் தோட்டத்தார், பார்ப்போரும் தோட்டத்தார். செலவுக்கு வீட்டுக்கு வீடு காசு சேர்க்கிறார்கள். தம் காசு சேர்ந்திருப்பதால் அது தம்முடையது என்று ஒவ்வொரு குடும்பமும் எண்ணுகிறது. வெளியார் எவரும் இதை ஒரே நாளில் நிறுத்திவிட முடியாது.

நாம் செய்யக்கூடியவை

1. ஒரு கொப்பி வையுங்கள். நிகழ்ச்சிக்கு வருவோர் விரும்பினால் பெயர், தோட்டம், தொலைபேசி எண் ஆகியவற்றை எழுதி வாங்குங்கள். அடுத்த நிகழ்ச்சியை அவர்களுக்கு நீங்களே அறிவியுங்கள். அவ்விவரங்களைப் பிறருக்குக் கொடுக்காதீர்கள்.

2. பத்துப் பாடல்களைச் சிறு நூலாக அச்சிடுங்கள், அல்லது பிரதி எடுத்துக் கட்டுங்கள். ஒரு பிரதியின் அடக்கவிலையைக் கணக்கிட்டே விலை வையுங்கள்.

3. மக்கள் கூடும் நாளைத் தேர்ந்தெடுங்கள்: சம்பள நாள், கோயில் திருவிழா, பாடசாலை விழா. கொழுந்து எடுக்கும் பெண்கள் வேலை முடிந்து, சமையலும் முடித்த பின்பே ஓய்வாக இருப்பார்கள். அவர்களுக்கு ஏற்ற நேரத்தில் ஆரம்பியுங்கள்.

4. அயல் தோட்டக் கலைஞரோடு சேருங்கள். ஒலிபெருக்கி வாடகையையும் வான் கூலியையும் பகிர்ந்துகொள்ளலாம்.

5. வரவு செலவை எல்லோர் முன்னும் வாசியுங்கள். நம்பிக்கை இருந்தால்தான் அடுத்த வருடமும் காசு சேரும்.

பங்கு மண்டபம் வருடத்தில் பல நாட்கள் பூட்டியே கிடக்கிறது. அதன் கதவை எந்தச் சமயத்தைச் சேர்ந்த கலைஞருக்கும் திறந்துவிடுவது பங்கு மக்களாகிய எமது கடமை. இயேசு மலைச்சரிவிலும் படகிலும் நின்று, மக்கள் இருந்த இடத்திலேயே பேசினார். கைபேசி இல்லாத கிழவியும் தன் பேத்தியின் பாட்டைக் கேட்க வேண்டும். அதற்கான ஒழுங்கை அடுத்த சம்பள நாளுக்கு முன் உங்கள் தோட்டத்தில் பேசிப் பாருங்கள்.