ஒரே வேலைக்கு இரண்டு ஊசியா?

கனடாவிலிருந்து தேற்றாத்தீவுக்கு வந்த என் மச்சாள் சூட்கேசில் ஒரு பேனை ஊசியும் கொண்டுவந்தார். "கிழமைக்கு ஒண்டு போடுகா, உடம்பு தன்பாட்டில இறங்கும்" என்றார். அது ஓசெம்பிக். பக்கத்து வீட்டுத் தங்கச்சியிடம் மௌஞ்சாரோ இருந்தது. இரண்டையும் சேர்த்துப் போட்டால் கெதியாக மெலியலாமே என்று எனக்கும் ஆசை. 1990இல் கணவரை இழந்த நாள் முதல் தையல் மெஷினே கதி என்று இருந்தவள் நான். உடம்பு பெருக்காமல் என்ன செய்யும்?

நல்ல காலம், போடுமுன் சீனி வருத்தக் கிளினிக்கில் டாக்டரிடம் கேட்டேன்.

நாம் சாப்பிட்டதும் குடலில் ஜிஎல்பி-1 என்ற ஹோர்மோன் சுரந்து, வயிறு நிரம்பிவிட்டது என்று மூளைக்குச் சொல்கிறது. ஓசெம்பிக்கில் உள்ள செமாகுளுடைட் அந்த ஹோர்மோனின் வேலையைச் செய்யும் மருந்து. மௌஞ்சாரோவில் உள்ள டிர்செபடைட், அதனோடு ஜிஐபி என்ற இன்னொரு குடல் ஹோர்மோனின் வேலையையும் செய்கிறது. சேர்க்க வேண்டியது ஏற்கனவே ஒரே ஊசிக்குள் சேர்ந்துதான் இருக்கிறது! இரண்டையும் போட்டால் ஒரே வகை மருந்து அளவுக்கு மிஞ்சும். வாந்தியும் வயிற்றோட்டமும் வந்து, உடம்பில் நீர் வற்றிச் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம்.

எது கூடக் குறைக்கும்? 2025இல் வெளியான ஆய்வொன்றில், நீரிழிவு இல்லாத பருமனானவர்களுக்கு 72 கிழமை கொடுத்துப் பார்த்தார்கள். செமாகுளுடைட்டால் சராசரி 13.7 வீதமும் டிர்செபடைட்டால் 20.2 வீதமும் எடை குறைந்தது. 80 கிலோ உள்ளவருக்கு ஏறக்குறைய 11 கிலோ, 16 கிலோ. என்னைப் போல நீரிழிவு உள்ளவர்களுக்கு இதைவிடக் குறைவாகவே இறங்கும். நிறுத்தினால் பெரும்பாலானோருக்கு எடை திரும்பவும் ஏறிவிடும். மச்சாள் போன பிறகு அடுத்த பேனையை யார் தருவது?

எனக்குப் பயம் பிடித்தது வேறொன்றில். நான் குடிக்கும் கிளிக்லசைட் மாத்திரையோடு இந்த ஊசியும் சேர்ந்தால் சீனி சடுதியாக இறங்கலாம். வீட்டில் தனியே இருப்பவள், நடுச்சாமத்தில் மயங்கினால் யார் காண்பது?

பிள்ளை பெறும் வயதுச் சகோதரிகளே, கர்ப்பகாலத்தில் இந்த ஊசிகள் கூடாது. டிர்செபடைட் கர்ப்பத்தடை மாத்திரையின் பலனையும் குறைக்கலாம். குடும்பநல மாதுவிடம் கேளுங்கள். மெலிவதற்கென்று அடுத்தவரின் தைரொயிட் மாத்திரையை விழுங்குபவர்களும் உண்டு. அந்தக் குறைபாடு இல்லாதவருக்கு அது நெஞ்சைப் படபடக்க வைக்கும், எலும்பையும் தேய்க்கும்.

சூட்கேசில் நாட்கணக்காகச் சூட்டில் கிடந்த பேனையைப் பாவிக்க வேண்டாம் என்றார் டாக்டர். இரத்தப் பரிசோதனைக்கு எழுதித் தந்திருக்கிறார். முடிவு வந்ததும் என் மாத்திரையை மாற்றலாமா என்று பார்ப்பாராம். மச்சாளுக்குத்தான் கொஞ்சம் மனவருத்தம்.