வெளியில் தெரிந்தால் என்ன ஆகும்?

டொரொன்டோவின் ஸ்காபரோ பகுதியில் குடியேறிய ஈழத்தமிழர் பலர், மனம் உடைந்து போயிருந்தாலும் மருத்துவரிடம் சொல்வது "தலையிடி, நித்திரை இல்லை, நெஞ்சு அடைக்குது" என்றுதான். இதில் பொய்யில்லை. துயரம் உடம்பின் வழியே வெளிப்படுவதை, போர்க்கால யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் விரிவாக எழுதியிருக்கிறார். ஆனால் பேச்சு அதோடு நின்றுவிடுவதற்குப் பயமும் ஒரு காரணம். போரில் மனம் காயப்பட்டவர்களில் மிகச் சிலரே சிகிச்சைக்குப் போனார்கள் என்று, டொரொன்டோ தமிழரிடையே மோர்ட்டன் பைசர் குழுவினர் செய்த ஆய்வு 2003இல் சொன்னது.

ஊரில் மனநோய் என்றால் கொழும்புக்கு அருகே உள்ள அங்கொடை மனநோய் ஆஸ்பத்திரிதான் நினைவுக்கு வரும். நோய் முற்றிப்போனவர்களையே கண்டு பழகிய கண்ணுக்கு, மனச்சோர்வும் "விசர்" (பைத்தியம்) என்றே தெரியும். ஒருவருக்கு வந்தால் தங்கையின் கலியாணப் பேச்சும் தடைப்படும்.

இதையெல்லாம் "பழமைவாதம்" என்று ஒதுக்குவது நியாயமில்லை. புலம்பெயர்ந்த வாழ்க்கை இந்தப் பயத்துக்குப் புதுக் காரணங்களைக் கொடுக்கிறது. இங்கே கோயிலிலும் கடையிலும் கலியாண மண்டபத்திலும் அதே முகங்கள்தான். மருத்துவரிடம் மொழிபெயர்க்க வருபவர் தெரிந்தவராக இருப்பார். சில வீடுகளில் பத்து வயது மகளே மொழிபெயர்ப்பாள். தூக்கு மாட்டிக்கொள்ளும் எண்ணம் வருகிறது என்று எந்தத் தாய் தன் பிள்ளையின் வாயால் சொல்லுவாள்?

இன்னொரு பயம் விசாவைப் பற்றியது. "ஃபைலில் எழுதிவிட்டால் அனுப்பிவிடுவார்களோ?" கனடாவின் குடிவரவுச் சட்டத்தில் மருத்துவ காரணத்தால் மறுக்க இடமுண்டு என்பது உண்மை. ஆனால் சிகிச்சைச் செலவு அளவுக்கு மீறும் என்ற காரணம் அகதிகளுக்கும், குடும்ப அனுசரணையில் வரும் கணவன், மனைவி, சார்ந்த பிள்ளைகளுக்கும் பொருந்தாது. பெற்றோரைக் கூப்பிடும்போது பொருந்தும். அங்கேயும் நோயின் பெயரை மட்டும் பார்த்து மறுப்பதில்லை, செலவைக் கணக்கிடுவார்கள். குடியுரிமை விண்ணப்பத்துக்கு மருத்துவப் பரிசோதனையே கிடையாது. மருத்துவரிடம் சொன்னது இரகசியம். உயிருக்கு ஆபத்து, பிள்ளைக்குத் துன்புறுத்தல் போன்ற சில நிலைமைகளில்தான் அவர் வெளியே சொல்லலாம்.

இந்த விவரங்களை மருத்துவர்களே முதல் சந்திப்பில் தமிழில் சொல்ல ஏற்பாடு வேண்டும். மேடைபோட்டு "வெட்கப்படாதீர்கள்" என்று பேசுவதைவிட அது கூடுதலாக உதவும் என்று நான் நம்புகிறேன்.

மருத்துவரிடம் போக நினைப்பவர்கள், பிள்ளையையோ உறவினரையோ அழைத்துப் போகாமல், முகம் தெரியாத மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியில் பிடித்துத் தர முடியுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். ஒன்டாரியோவில் குடும்ப மருத்துவர் கடிதம் கொடுத்து அனுப்பினால், மனநல மருத்துவரைப் பார்க்கும் செலவை மாகாணக் காப்புறுதியே ஏற்கும். தனியார் உளவியலாளரிடம் போனால் காசு நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். வேலையிடத்துக் காப்புறுதி இருந்தால் அதில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கலாம்.